திமிங்கலப் புத்தகம் பஸ் ஏறிய நாள்

எங்கள் செவல்பாறையில் புத்தகங்கள் நடக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வடைக்கு ஊறப்போட்ட பருப்பை நான் ஆட்டிக்கொண்டிருந்தேன், கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, டீ குடிக்க வந்த லாரிக்காரர்கள்தான் “அக்கா, எதிர்த்த லைப்ரரியிலிருந்து ஒரு புஸ்தகம் இறங்கி வருது, பாருங்க” என்றார்கள். எட்டிப் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது. பச்சை அட்டை போட்ட தடித்த புத்தகம், அட்டையின் இரண்டு கீழ் ஓரங்களையும் கால் மாதிரி மாற்றி மாற்றி வைத்து, படியில் இறங்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து, சைக்கிள் ஒன்று போகட்டும் என்று நின்று, ரோட்டைத் தாண்டி, என் கடையை ஒட்டிய சந்தில் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது. நான் உள்ளே போய் வடையைத் தட்டினேன். வேறென்ன செய்ய, எண்ணெய் காய்ந்துவிட்டது.

ஏன் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, எமிலி டீச்சருக்கும் தெரியாது, தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஓவர்சியர் பிச்சையாவுக்குச் சத்தியமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, அதற்கு இன்டர்நெட் லைன் இழுக்க ஆள் வந்தது, வந்த ஆள் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு, என் கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனது, போனது போனதுதான். கம்பத்தில் காக்கா உட்கார்ந்தது. ஆனால் நாலாம் வகுப்பு எமிலி டீச்சர் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பாடத்தில் இன்டர்நெட் இருக்கிறது, ஆகவே இன்டர்நெட் நடத்தியே தீருவேன் என்று, துண்டு போட்டு மூடின கம்ப்யூட்டருக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, எங்கள் ஊரில் வாய்ப்பாடு சொல்லித்தருகிற அதே ராகத்தில் சொல்லித்தந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். தேடல் என்றால் என்ன, வேண்டியதைக் கேட்பது. தேடுசொல் என்றால் என்ன, கேட்பதைச் சுருக்கிக் கேட்பது. இணைப்பு என்றால் என்ன, ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போவது. ஆதாரம் என்றால் என்ன, சொன்னது யார் என்று சொல்வது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகி, மாவு பிசையும்போது வாயில் வந்துகொண்டிருந்தது.

சொல் மட்டும் போதாது, செய்முறையும் வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை டீச்சர் வகுப்பையே வரிசையாக லைப்ரரிக்குக் கூட்டி வந்து, அலமாரிகளைக் காட்டி, “இதுதான் இன்டர்நெட்னு வச்சுக்கோங்க, ஒவ்வொருத்தரா முன்னால வந்து தேடுசொல்லைச் சத்தமாச் சொல்லுங்க” என்றார். லைப்ரரியன் சங்கரபாண்டியன் பதறிப்போனார். அவர் தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருகிற மனிதர்.

“டீச்சர், இங்க சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு இருக்கு.”

“சார், இன்டர்நெட்டுல அந்த போர்டு கிடையாது. ஒரு அரை மணி நேரம் கழட்டி வைங்க.”

அவர் கழற்றி வைத்தார். பிள்ளைகள் அலமாரியைப் பார்த்து மழை என்றார்கள், எரிமலை என்றார்கள், யானை, மின்னல், இட்லி என்றார்கள். ஒன்றும் அசையவில்லை. டீச்சர் பாராட்டிவிட்டு வரிசையாகத் திரும்பக் கூட்டிப் போனார். மறுநாள்தான் அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் படியிறங்கி, வகுப்புக்குள் போய், எரிமலை கேட்ட பிள்ளையின் மடியில் ஏறிப் படுத்து, சரியான பக்கத்தில் விரிந்துகொண்டது. “கனெக்‌ஷன் கிடைக்க ஒரு நாள் ஆகும் போல” என்றார் டீச்சர். வருகைப் பதிவு எடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் எப்படிப் பழகிக்கொண்டது என்பதைச் சொன்னால் இன்றைக்குப் பூராவும் சொல்லலாம். முதலில் ஒரு நாள் எடுத்துக்கொண்ட புத்தகங்கள் போகப்போகக் கேட்ட உடனே கிளம்பின. முதல் வாரம் நாய்கள் குரைத்தன, அப்புறம் குரைக்கவில்லை. மினி பஸ் கண்டக்டர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு பக்கத்து ஊருக்குப் போகிற புத்தகங்கள் ஏறினால் ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்து, மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி வயசானவர்களிடம் கேட்டுக்கொண்டார், மடியில் வைத்தவர்கள் சும்மா இருக்கிற நேரத்துக்கு இரண்டு பக்கம் படித்தார்கள். மழை வந்தால் தெருவில் போய்க்கொண்டிருக்கிற புத்தகத்தை பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குள் தூக்கிப் போய்த் துடைத்து, மழை விட்ட பிறகு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் முகம் வைத்து இறக்கிவிடுவது என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் வேலை பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார்கள், ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு நிலா ஏன் தேய்கிறது, ஒருத்திக்கு மாமியார் ஏன் இப்படி இருக்கிறாள், முதல் இரண்டுக்கும் புத்தகம் வந்தது, மூன்றாவதுக்கு மகாபாரதம் வந்தது.

கேட்கத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். செல்லக்கனியின் மகள் இசக்கி அதை முதலில் கற்றுக்கொண்டாள். செல்லக்கனி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், புருஷன் சுடலைமுத்து லாரி ஓட்டுகிறவர், மாசத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இசக்கி நாலாம் வகுப்பு, தலையில் இரட்டைச் சடை, எங்கள் கரிசல் காட்டைத் தாண்டி ஒன்றும் பார்த்ததில்லை, அதனால் முதல் நாளே வீட்டு வாசலில் நின்று “கடல்” என்று கேட்டுவிட்டாள். கடல் வந்தது. மீன் புத்தகம், கப்பல் புத்தகம், உப்பு புத்தகம், கடல் கடந்துபோன ராஜாக்கள், கடலில் செத்த ராஜாக்கள், அலை, காற்று, சங்கு, முத்து, கடலை எண்ணெய் பற்றி ஒன்று தவறிப்போய் வந்தது, கட்டில் மேல், கட்டில் கீழ், அடுப்பங்கரை, தட்டு வைக்க இடம் இல்லை. வேலை முடிந்து வந்த செல்லக்கனி வாசலிலேயே நின்றாள்.

“ஏட்டி, மனுசர் உள்ள வரவேண்டாமா? டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“சுருக்கிக் கேக்கணும்னு.”

“பிறகு சுருக்கிக் கேளேன்டி.”

மறுநாள் இசக்கி நன்றாக யோசித்து “திமிங்கலம்” என்றாள். ஒரே ஒரு புத்தகம் வந்தது. ஒல்லியானது, பழசு, அட்டை கிழிந்து லைப்ரரியன் பழுப்புக் காகிதம் ஒட்டினது, ‘திமிங்கலம் எப்படித் தூங்கும்’ என்று அவர் கையெழுத்து மேலே. அந்தப் புத்தகத்தோடு அந்தப் பிள்ளை ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். திமிங்கலம் மீன் இல்லை, அதற்கு நம்மைப் போல மூச்சு வாங்க வேண்டும், சில திமிங்கலங்கள் நட்ட மரம் போல நேராக நின்றுகொண்டு தூங்கும் என்று கடைக்குப் பால் வாங்க வரும்போதெல்லாம் எனக்குச் சொல்லும், கேட்காதவர்களுக்கும் சொல்லும். வீட்டுப்பாடத்திலும் அதைத்தான் எழுதும். எமிலி டீச்சர் ஒவ்வொரு தடவையும் நல்ல மதிப்பெண் போட்டு, கீழே சிவப்பு மையில் ‘ஆதாரம் எங்கே?’ என்று எழுதி அனுப்புவார். இசக்கி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குத் திமிங்கலத்தின் வால்தான் வேண்டும், முன்னால் இருக்கிற அச்சு எழுத்தெல்லாம் யாருக்கு வேண்டும்.

முன்பக்கம் எதற்கு என்று என் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு ஒரு நாள் நன்றாகப் புரிந்தது. எவரோ விளையாட்டுக்குச் சூரியனைச் சுற்றுவது எத்தனை கிரகம் என்று கேட்டுவிட, இரண்டு புத்தகங்கள் ஒரே நேரத்தில் வந்து ஒரே பெஞ்சில் ஏறின. ஒன்று புளூட்டோவைச் சேர்த்துக்கொண்டது, இன்னொன்று சேர்க்கவில்லை. அவ்வளவுதான், கடை இரண்டாகப் பிரிந்தது. புளூட்டோ கட்சி கிழக்குப் பெஞ்சில், எதிர்க்கட்சி மேற்குப் பெஞ்சில், ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரருக்குச் சர்க்கரை டப்பாவை நகர்த்திக் கொடுக்கமாட்டார், சொந்த மச்சான் மச்சானோடு பேசவில்லை. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் வியாபாரம். கடைசியில் எமிலி டீச்சர் பள்ளி விட்டு வருகிற வழியில் இரண்டு புத்தகத்தின் முன்பக்கத்தையும் புரட்டி, அச்சடித்த வருஷத்தைக் காட்டி, “இது எழுதும்போது புளூட்டோ கிரகம், அது எழுதும்போது கிரகம் இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. எப்ப சொன்னது, யார் சொன்னதுன்னு பார்க்காம சண்டை போட்டா எப்படிண்ணே?” என்றார். புளூட்டோ கட்சி தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தது. ஆனாலும் பாவம் அந்தப் புளூட்டோ என்று கொஞ்ச நாள் எல்லோரும் வருத்தப்பட்டோம்.

ஒரே ஒருவருக்குத்தான் ஒரு புத்தகமும் வரவில்லை. ஓவர்சியர் பிச்சையா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தை மேற்பார்வை பார்க்கிறவர். அவர் கேட்பது கேள்வி மாதிரி இருக்காது, பரீட்சை மாதிரி இருக்கும். “சிமெண்டை முதன்முதலில் கலந்தவன் எவன், சொல்லு பார்ப்போம்” என்று லைப்ரரியைப் பார்த்து அதட்டுவார். பதில் அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். புத்தகங்கள் அவர் காலைச் சுற்றிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர் வீட்டுக்கு எந்தப் புத்தகமும் போனதில்லை, அது நாங்கள் எல்லோரும் கண்டுகொண்ட விஷயம், அவரைத் தவிர.

இதில் ஒரு கோளாறு இருந்தது. கூப்பிட்டால் வரத் தெரிந்த புத்தகங்களுக்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை. நாங்களும் லேசுப்பட்டவர்களா, கொண்டுபோய்க் கொடுப்போம் கொடுப்போம் என்று வைத்துக்கொண்டோம். அரிசிப் பானை மேல் ஒன்று, தையல் மிஷின் மேல் ஒன்று. பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்கப் பழகிவிட, மினி பஸ்ஸில் போன புத்தகங்கள் எங்கெங்கே இறங்கின என்று கண்டக்டருக்கே நினைவில்லை. சங்கரபாண்டியன் சார் காலி அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தூசி தட்டிக்கொண்டிருப்பார். வருத்தமா சார் என்று கேட்டேன். “எத்தனையோ வருஷமா யாராவது வருவாங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் அக்கா, இப்ப புஸ்தகமே கிளம்பிப் போயிடுச்சு, இதுக்கு நான் ஏன் வருத்தப்படணும்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுத் துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்தார்.

அந்த நேரத்தில்தான் இசக்கியின் திமிங்கலப் புத்தகமும் ஒரு நாள் காலையில் தலைமாட்டில் இல்லாமல் போனது. பிள்ளை அழும் என்று நினைத்தேன். அழவில்லை, கண்ணை அகல விரித்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தது.

“பெரியம்மா, நம்மூர்ல வேற யாரோ திமிங்கலத்தைப் பத்திக் கேட்டிருக்காங்க. யாருன்னு தெரியுமா?”

“எனக்கு எப்படிட்டி தெரியும்? தெரிஞ்சா என்ன செய்யப்போற?”

“அவங்ககூடப் பேசலாம்ல.”

ஊரில் ஒவ்வொருத்தராகக் கேட்டுப் பார்த்தது. யாரும் இல்லை.

அப்புறம் வந்தது ஒரு புதன்கிழமை. காலையில் லைப்ரரியன் சாருக்குப் போன் வந்தது, மாவட்டத்திலிருந்து அதிகாரி பஸ் ஏறிவிட்டார் என்று. யாரும் வராத கிளை நூலகங்களை மூடிவிட்டுப் புத்தகங்களை லாரியில் ஏற்றிப் பெரிய ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், எங்கள் நூலகத்துக்கு இன்று தணிக்கை, இருக்க வேண்டிய புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அலமாரியில் மிச்சம் இருந்தது யாரும் எதுவும் கேட்காத வருமான வரிப் புத்தகங்கள் மட்டும்தான், அவை மட்டும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன.

அதிகாரி பெயர் ஹமீதா பானு. கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்ததும் என் கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

“சார், புத்தகமெல்லாம் எங்க?”

“வெளிய போயிருக்கு மேடம்.”

“யார் பேர்ல?”

சாருக்குப் பொய் சொல்ல வராது. “தானாத்தான் மேடம்” என்றார்.

அந்த அம்மா காலி அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், “சாயங்கால பஸ்ஸுக்கு நான் திரும்பணும். அதுக்குள்ள எல்லாம் இங்க இருந்தா இருந்ததுன்னு எழுதுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் குறைஞ்சதுன்னுதான் எழுத முடியும். அப்புறம் மூடுறது என் கையில இல்ல.”

விஷயம் ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும், என் கடை எதற்கு இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் பாதி வேலையில் எழுந்து வந்தது, எமிலி டீச்சர் வகுப்பையே கூட்டி வந்தார், கையில் அகப்பட்ட புத்தகங்களைப் பெண்கள் இடுப்பில் சுமந்து வந்தார்கள். வந்தது கொஞ்சம், வராததுதான் அதிகம். எந்தப் புத்தகம் எந்த ஊரில் என்று யாருக்குத் தெரியும், தேடிப் போனால் சாயங்காலம் என்ன, பொங்கல் வந்துவிடும். கேட்டுத்தான் வரவழைக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக வரவழைக்கிற ஒரு கேள்வி வேண்டும். இத்தனை மாசமாகச் சுருக்கிக் கேள் சுருக்கிக் கேள் என்று பழகின ஊருக்கு, விரித்துக் கேட்பது எப்படி என்று மறந்துபோயிருந்தது.

ஓவர்சியர் பிச்சையா முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனார். “உலகத்தில் உள்ள அனைத்தும்” என்றார். ஒன்றும் வரவில்லை. அது கேள்வியே இல்லை என்றார் டீச்சர். டீச்சர் தாமே சோறு, தண்ணீர், ஆகாயம், சரித்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வந்தன, இந்தக் கணக்கில் போனால் விடியாது. மணி என்ன, மணி என்ன என்று சார் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, கடைக்குப் போய் அடுப்பைப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

அப்போது இசக்கி கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்து நின்றாள். தேடுசொல் கேட்கிற சத்தம் இல்லை, பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள். “எனக்கு என்னவெல்லாம் தெரியாது?”

கொஞ்ச நேரம் காற்று மட்டும் வந்தது. அப்புறம் தெருக்கோடியில் ஒரு சரசரப்பு, எங்கள் ஊரில் பருத்திக் காடு அசைகிற மாதிரி. வந்தன ஐயா, வந்தன, அரிசிப் பானை மேலிருந்து குதித்து வந்தன, தலையணைக்கடியிலிருந்து கசங்கி வந்தன, கிணற்றடியிலிருந்து ஈரத்தோடு வந்தன, கல்யாண மண்டபத்திலிருந்து சந்தனம் ஒட்டி வந்தன, கலைக்களஞ்சியங்கள் தொகுதி மாறாமல் வரிசையாக வந்தன, அகராதி முன்னால் வந்து வழிகாட்ட, கவிதைகள் எதையும் கண்டுகொள்ளாமல் நடுரோட்டில் வந்தன, மினி பஸ் நின்றது, கூரையிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் இறங்கி வந்தன, தெரியாத ஊர் மண்ணெல்லாம் அட்டையில் அப்பிக்கொண்டு எங்கள் தெருவை நிறைத்துக்கொண்டு வந்தன. நாய்கள் ஒதுங்கி உட்கார்ந்தன. வருமான வரிப் புத்தகங்கள்கூட அலமாரியிலிருந்து இறங்கி இசக்கி முன்னால் போய் நின்று, பிறகு தாங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து திரும்பி ஏறிக்கொண்டன.

செல்லக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஐயோ அக்கா, என் மவளுக்கு இம்புட்டுத் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பிள்ளைகளும் பெரியவர்களுமாகத் துடைத்துத் துடைத்து அடுக்கினோம். ஹமீதா பானு அம்மா புத்தகங்கள் நடந்து வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சேலையைச் செருகிக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பார்த்தார். பார்த்து முடித்து, பேனாவைத் திறந்து, “எல்லாம் சரியா இருக்கு போலிருக்கே சார்” என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அந்த மனிதர்.

“ஒண்ணு இல்ல மேடம்” என்றார். “உயிரினங்கள் வரிசையில, கடைசி அலமாரி. திமிங்கலம்.”

எல்லோரும் இசக்கியைப் பார்த்தோம். அவள் முகம் செத்துப்போயிற்று. ஊரெல்லாம், உலகமெல்லாம் வந்தது, அவள் புத்தகம் மட்டும் வரவில்லை. “அது வராது” என்றாள் மெதுவாக. “அதுல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.”

“எல்லாமே தெரியுமா?” என்று அதிகாரி அம்மா கேட்டார்.

அவ்வளவுதான், அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்று முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். திமிங்கலத்தின் எலும்பு, திமிங்கலத்தின் பாட்டு, ஒரு திமிங்கலம் பாடினால் எவ்வளவு தூரம் கேட்கும், குட்டி பிறந்ததும் தாய் எப்படி முதல் மூச்சுக்கு மேலே உந்திக் கொண்டுவரும், நின்றபடி எப்படித் தூங்கும், எல்லாம், ஒரு சொல் தட்டாமல். பிச்சையாகூட வாயை மூடிக்கொண்டு கேட்டார். அதிகாரி அம்மாவுக்கு நான் வைத்த இரண்டாவது டீ ஆடை கட்டிப்போனது.

“ரொம்ப நல்லா இருக்கு பாப்பா” என்றார் அவர். “யார் எழுதினது?”

இசக்கி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். எமிலி டீச்சர் வகுப்பைப் பார்த்தார். வகுப்புக்குப் பழக்கதோஷம், தானாக ராகம் எடுத்துவிட்டது. ஆதாரம் என்றால் என்ன, சொன்னது யார் என்று சொல்வது. இசக்கியின் காது சிவந்தது. இத்தனை நாள் அந்தப் புத்தகம் முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போதுதான் தெரியாது என்று தெரிந்துகொண்டது. வாசலுக்குப் போய், ரோட்டைப் பார்த்துக் கேட்டது.

“திமிங்கலப் புஸ்தகத்தை எழுதினது யாரு?”

ஒன்றும் வரவில்லை. வெயில் இறங்கியது. அதிகாரி அம்மா கைப்பையை மூடித் தோளில் மாட்டினார். சார் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார், வைத்த சத்தம் என் கடைவரைக்கும் கேட்டது. சாயங்கால பஸ் எட்டயபுரம் ரோட்டிலிருந்து திரும்பி வந்து நின்றது, ஏறுகிறவர்கள் ஏறக் காத்திருந்தார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், எல்லோரும் இறங்கின பிறகு, கடைசிப் படியில் பழுப்புக் காகிதம் ஒட்டின ஒல்லிப் புத்தகம் ஒன்று, நீண்ட பயணம் போய் வந்த களைப்போடு, ஒவ்வொரு படியாக இறங்கியது.

இசக்கி ஓடிப்போய்த் தூக்கினாள். அவள் திறந்தது வால் இருக்கிற பக்கம் இல்லை, முன்பக்கம். எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய வயசு இல்லை, ஆனாலும் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். “ஞா. பிலோமினாள். மணப்பாடு.” திரும்ப ஒரு தடவை வாசித்தாள். “இம்புட்டு நாளா எங்கூடப் பேசிக்கிட்டிருந்தது இவங்கதானா” என்று புத்தகத்திடம் கேட்டாள். ஒரு ஆளை முதல்தடவை நேரில் பார்க்கிறபோது வருகிற வெட்கம் அவள் முகத்தில் வந்தது.

அதிகாரி அம்மா பேனாவைத் திறந்து எழுத வேண்டியதை எழுதினார், சாவியை எடுத்துச் சார் கையிலேயே திரும்பக் கொடுத்தார். சார் வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார், தும்மல்தான் என்று நாங்களும் நம்பினோம். புத்தகத்தை மேசையில் வைக்கும்போது நடுவிலிருந்து ஒரு காகிதம் எட்டிப் பார்த்தது. நாலாக மடித்த டோல்கேட் ரசீது. பக்க ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு கிரீஸ். இசக்கி முகர்ந்து பார்த்தாள், டீசல் வாசம். அவள் அம்மாவைப் பார்த்தாள், செல்லக்கனி அவளைப் பார்த்தாள்.

“அப்பாவா?” என்றாள் இசக்கி.

சுடலைமுத்து அண்ணன்தான். அந்த மனிதர் அப்புறம் என் கடையில் உட்கார்ந்து, கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னது இது. ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் மகள் திமிங்கலம் திமிங்கலம் என்கிறது, இவர் உம் கொட்டுகிறார், ஒன்றும் புரியவில்லை, மகள் பேசுகிறபோது இப்படி மண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்று ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போகையில், “அந்தத் திமிங்கலத்துலதான் அப்படி என்ன இருக்கு?” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மறுநாள் டோல்கேட்டில் புத்தகம் ஏறிக்கொண்டது. வண்டி நிற்கிற இடமெல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் படித்து வந்திருக்கிறார். அன்றைக்கு டீக்கடையில் நிறுத்தி, சுவாரசியமான கட்டத்தில் இருக்கும்போது, கையிலிருந்து படக்கென்று மூடிக்கொண்டு, எதிரே போன பஸ்ஸில் ஏறிவிட்டது.

அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நாங்கள் பார்த்தது, மேசையில் கிடந்த புத்தகம் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்ததைத்தான். யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக் காதுகொடுத்துக் கேட்டது. பிறகு மேசையிலிருந்து நாற்காலிக்கு இறங்கி, நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி, வாசலைப் பார்த்து நடந்தது.

“நில்லு, நில்லு” என்று ஹமீதா பானு அம்மா எழுந்தார். “இப்படித் தானாப் போனா நாளைக்கு வேற அதிகாரி வந்து மூடிடுவாங்க. தேதி போட்டுட்டுப் போ.” அந்த அம்மா மேசையிலிருந்த முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டு படியிறங்கி ஓடினார், சார் பின்னால் ஓடினார், பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி வைத்தார். புத்தகம் நின்று பின்னட்டையைத் திறந்து காட்டியது. அன்றிலிருந்து எங்கள் புத்தகங்கள் எல்லாமே வாசல் மேசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டுதான் தெருவுக்கு இறங்குகின்றன, தவணை முடிந்தால் திரும்பி வரவும் படித்துக்கொண்டன.

“யார் பேர்ல?” என்று அதிகாரி அம்மா கேட்டார்.

“சுடலைமுத்து” என்றாள் இசக்கி. “எங்க அப்பா.”

முத்திரை விழுந்தது. புத்தகம் பஸ் ஏறியது, அதிகாரி அம்மாவும் ஏறினார், கண்டக்டர் இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் கொடுத்தார். பஸ் கிளம்பும்போது பிச்சையா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காமல், “அந்தப் புஸ்தகம் எழுதின அம்மா மணப்பாட்டுல இன்னும் இருப்பாங்களா?” என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அலமாரியிலிருந்து கடற்கரை ஊர்கள் பற்றின ஒரு சின்னப் புத்தகம் இறங்கி, முத்திரைக்கு மேசையில் நின்றது. மனிதர் மேசைக்குப் போய், குனிந்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

திமிங்கலப் புத்தகம் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்த அதே நேரத்தில்தான் எட்டயபுரம் தாண்டி ஒரு டீக்கடை வாசலில், சுடலைமுத்து அண்ணன் தன் கிளீனரிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம், “ஏலே, அந்தக் குட்டியைத் தாய் மேல தூக்கிட்டுப் போச்சு, சரி, அது மூச்சு விட்டுச்சா இல்லையா?” ஆறின டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

செல்லக்கனி போனை எடுத்து மகளிடம் நீட்டினாள். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்பாகிட்டச் சொல்லு.”

இசக்கி பஸ் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம்மா” என்றாள். “அப்பா படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்.”